ஒரே ஜாதகத்தை வைத்துப் பொருத்தம் பார்ப்பது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறேன்.)

போன எபிசோடுக்கு வந்த மெயில் எல்லாம் படித்துவிட்டேன். யாருக்கும் பதில் போடவில்லை, மன்னிச்சுக்கோங்க. இந்த வாரம் டெக் எதுவும் கிடையாது. கடைசியில் நான் ஒரு கூகுள் ஷீட் போட்டு அசிங்கப்பட்ட கதை மட்டும் வரும்.

போன வருஷம் ஒரு நாள் லீவ் போட்டுவிட்டு என் பெரியம்மாவோடும் அவங்க பையனோடும் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அவன் எனக்கு அண்ணன் முறை. அண்ணனுக்கு மனச்சிதைவு நோய், ஸ்கிசோஃப்ரீனியா. வந்து 9 வருஷம் ஆகிறது. இதைப் பேசலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் மைக்கை ஆன் பண்ணியிருக்கேன். "பேரும் ஊரும் போடாத. மத்தபடி பேசு. போர் அடிக்காம பேசு" என்றான். இரண்டாவது கண்டிஷன்தான் கஷ்டம்.

போனது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக. 2016 சட்டப்படி மனநோயும் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவர் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று எழுதினால்தான் ஒதுக்கீடு, பெரும்பாலான சலுகைகள் எல்லாம். 39 என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பெரியம்மா அன்றைக்குக் காலையில் 5 மணிக்கே எழுந்து அண்ணனைக் குளிக்கவைத்து, ஷேவ் பண்ணவைத்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டு, திருநீறு வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது பிள்ளை பரட்டைத் தலையோடு போனால் அம்மாவுக்குத்தானே கேவலம்? உள்ளே போனோம். டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் வெளியே வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது.

"தானா குளிக்கிறாரா?"

"குளிப்பான் சார்."

"வேலைக்குப் போறாரா?"

"போறான் சார், என் தம்பி கடையில இருக்கான்."

"வீட்ல யார்கூடயும் சண்டை?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார். தங்கமான பையன்."

அஞ்சு நிமிஷம். வெளியே வந்து பேப்பரைப் பார்த்தால் 40-க்குக் கீழே. பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லவிதமாத்தானே சொன்னேன்?" என்றார்கள். அதுதான் பிரச்சினை பெரியம்மா என்று நான் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி அந்தக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் இரண்டு மாசம் போனது. அதன் விளைவுதான் இந்த எபிசோடு.

அந்தக் கணக்குக்குப் பெயர் ஐடியாஸ். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கி, 2002-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அளவுகோல். நாலு தலைப்பு: தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0-லிருந்து 4 வரை மார்க். இது தலைகீழ் மார்க். 0 என்றால் சிரமமே இல்லை, 4 என்றால் முழுசாகப் பாதிப்பு. இதோடு நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்குத் தனி மார்க்: 2 வருஷத்துக்குள் என்றால் 1, 10 வருஷத்தைத் தாண்டினால் 4. மொத்தம் 20. கூட்டினால் 6 வரை லேசான பாதிப்பு, 40 சதவீதத்துக்குக் கீழே. 7 வந்தால் 40-ஐத் தொட்டுவிடும்.

அண்ணனுக்கு வந்தது 6. குளியல் 0, பழக்கம் 1, பேச்சு 0, வேலை 2. நோயின் 9 வருஷத்துக்கு 3. ஒரே ஒரு மார்க்கில் போச்சு.

சாஃப்ட்வேர் ஆளாக முதலில் என் கண்ணில் பட்டது கூட்டல்தான். 0, 1, 2, 3, 4 என்பவை வரிசை எண்கள். இவர் அவரைவிட மோசம் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு மோசம் என்று சொல்லாது. குளிப்பதில் 1-க்கும் 2-க்கும் நடுவே இருக்கும் தூரமும் வேலையில் 3-க்கும் 4-க்கும் நடுவே இருக்கும் தூரமும் ஒன்றுதான் என்று யார் சொன்னது? நம்ம ஆபீஸில் ஸ்டோரி பாயிண்டைக் கூட்டி மணிக்கணக்காக மாற்றும் மேனேஜர் மாதிரிதான் இது. இன்னொன்றும் உண்டு. 10 வருஷத்துக்கு மேல் நோயுள்ளவருக்கு அந்த நாலு தலைப்பிலும் சேர்த்து 3 வந்தாலே 7 ஆகிவிடும். போன வருஷம் நோய் வந்து காலேஜை விட்ட பையனுக்கு 6 வரவேண்டும். உதவி சீக்கிரம் கிடைத்தால் நிறைய மாறக்கூடிய ஆள் அவன்தான்.

ஆனால் அளவுகோலைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். இது இல்லாத காலத்தில் மனநோய்க்குச் சான்றிதழ் கேட்டுப் போனால், கை கால் நல்லாத்தானே இருக்கு என்கிற கேள்விக்குப் பதிலே கிடையாது. இங்கே ஒரு படிவத்தில் 'பழகுவது' என்று ஒரு வரி வந்ததே பெரிய விஷயம்.

அந்த வரி எங்கிருந்து வந்தது?

மனச்சிதைவு என்றால் நமக்குத் தெரிந்தது சினிமா காட்டிய அறிகுறிகள். காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயம். 1950-களில் மருந்து வந்தபிறகு பலருக்கு இவை குறைந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். வந்தபிறகுதான் வேறொன்று தெரிந்தது: குரல் நின்றுபோன ஆளும் அறையை விட்டு வெளியே வரவில்லை. குரலை எண்ணுவதற்கு அளவுகோல் இருந்தது, அறையை விட்டு வராததை எண்ணுவதற்கு இல்லை. 'சமூகப் பொருத்தப்பாடு' என்ற சொல் இங்கேதான் முக்கியமாகிறது. நோயாளி என்பதைத் தாண்டி ஒருவர் மகனாக, மனைவியாக, வேலையாளாக, பக்கத்து வீட்டுக்காரராக எப்படி இருக்கிறார் என்பது.

அமெரிக்காவில் மிர்னா வைஸ்மன் செய்த சமூகப் பொருத்தப்பாட்டு அளவுகோல் இதில் பிரபலம். முதலில் அது மனச்சோர்வில் இருந்த பெண்களுக்காகச் செய்தது. 1976-ல் வந்த வடிவத்தை நாமே நிரப்பலாம். கடந்த 2 வாரத்தில் வேலை எப்படி, நண்பர்கள், சொந்தக்காரர்கள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று போகும். இதையே மனச்சிதைவு உள்ளவர்களிடம் கொண்டுபோனபோது சரியாகப் பொருந்தவில்லை. பலருக்குத் திருமணம் ஆகியிருக்காது. அம்மா அப்பாவோடு இருப்பார்கள். கணவன் மனைவி பகுதி முழுக்கக் காலி. அதனால் 1979-ல் நீனா ஸ்கூலர், ஜெரார்ட் ஹோகார்ட்டி, வைஸ்மன் மூவரும் நேர்காணல் வடிவில் இரண்டாவது பதிப்பு ஒன்றைச் செய்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்தது. 1990-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மேக்ஸ் பிர்ச்வுட்டும் குழுவும் போட்ட சமூகச் செயல்பாட்டு அளவுகோல். குடும்பங்களோடு வேலை செய்யும்போது மாற்றம் வருகிறதா என்று பார்ப்பதற்காக. அதில் நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சினிமா, உறவினர் வீடு, சர்ச். அப்புறம் டிஸ்கோ. அப்புறம் பப்.

அதாவது அண்ணன் பர்மிங்ஹாமில் இருந்து, வாரத்துக்கு இரண்டு தடவை பப்புக்குப் போனால் அவனுடைய சமூகப் பொருத்தப்பாடு ஏறும். இங்கே அவன் வாரத்துக்கு இரண்டு தடவை டாஸ்மாக் போனால் பெரியம்மா அதை டாக்டரிடம் அறிகுறியாகச் சொல்வார்கள். [சிரிப்பு]

இதை இங்கிருந்தவர்கள் ரொம்ப முன்பே பார்த்துவிட்டார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப்பிறகு 1984-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் ஸ்கார்ஃப். அண்ணா நகர் பக்கம் போனால் போர்டு பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தை எடுத்து, நம்ம ஊருக்கு ஒத்துவராததை மாற்றி, 1988-ல் ஒன்று வெளியிட்டார்கள். 1995-ல் சமூகச் செயல்பாட்டுக்கென்று சொந்தமாகவே ஒரு அளவுகோல். தன்னைக் கவனித்துக்கொள்வது, தொழில், குடும்பத்தில் பங்கு, வெளியுலகில் பங்கு என்று நாலு பகுதி. குடும்பத்தில் பங்கு என்று தனியாக ஒரு பகுதி இருப்பதைக் கவனியுங்கள். 1998-ல் இன்னொன்று: நோயாளியை விட்டுவிட்டு, பார்த்துக்கொள்கிறவரின் சுமையை அளக்க 40 கேள்விகள். பெரியம்மாவுக்கான கேள்வித்தாள். எங்கள் அனுபவத்தில் அதை அவங்களிடம் யாரும் கேட்டதில்லை.

பிர்ச்வுட்டின் அளவுகோலுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு அருமையான பிரிவு இருக்கிறது. ஒரே வேலையை இரண்டு தடவை கேட்கிறது. உங்களால் இதைச் செய்ய முடியுமா? நீங்கள் இதைச் செய்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு மார்க். உலக சுகாதார நிறுவனமும் 2001-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இப்படி இரண்டாகப் பிரித்தது. துணை எதுவும் இல்லாமல் ஒருவரால் என்ன முடியும் என்பது ஒன்று. இப்போது இருக்கும் வீட்டில், இருக்கும் துணையோடு என்ன நடக்கிறது என்பது இன்னொன்று.

இதை அண்ணன் வீட்டில் வைத்துப் பாருங்கள். அண்ணன் நன்றாகச் சமைப்பான். நோய் வருவதற்கு முன் இரண்டு வருஷம் பேச்சிலர் ரூமில் எல்லாருக்கும் அவன்தான் சமையல். இப்போது வீட்டில் அவன் காஸ் அடுப்புப் பக்கம் போக முடியாது. 7 வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டான், பாத்திரம் கருகிவிட்டது. அன்றிலிருந்து பெரியம்மா விடுவதில்லை. முடியும், ஆனால் செய்வதில்லை. படிவத்தில் பார்த்தால் 'சமைப்பதில்லை'.

குளியல் நேர் எதிர். தினமும் குளிக்கிறான். ஆனால் அந்தக் குளியலுக்குப் பின்னால், எழு என்று நாலு தடவை சத்தம் போடுவது, வெந்நீர் வைப்பது, துண்டை எடுத்துக் கதவில் போடுவது, உள்ளே போனபிறகு தண்ணி விழுகிற சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்ப்பது, இத்தனையும் இருக்கிறது. 'குளிப்பான் சார்' என்கிற இரண்டு சொல்லுக்குள் பெரியம்மாவின் 9 வருஷம் இருக்கிறது. அதை அவங்களே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டருக்கு எப்படித் தெரியும்?

கடை வேலையும் அப்படித்தான். மாமா கடையில் அவன் இருக்கிறான், உண்மைதான். 11 மணிக்குப் போவான், சில நாள் போகமாட்டான். மாமா ஒன்றும் சொல்லமாட்டார். சம்பளம் என்று மாமா கொடுப்பதில் பாதி பெரியம்மா மாமாவிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்த பணம். இது அண்ணனுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ரெக்கார்டிங்குக்கு முன்னால் இதை மட்டும் வெட்டிவிடவா என்று கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்டா" என்றான்.

பொருத்தம் என்று நம்ம ஊரில் சொன்னாலே முதலில் ஞாபகம் வருவது ஜாதகம்தான். பத்துப் பொருத்தம் பார்க்க இரண்டு ஜாதகம் வேண்டும். ஒரே ஜாதகத்தைக் கொண்டுபோய் பொருத்தம் சொல்லுங்க என்றால் ஜோசியர்கூட திருப்பி அனுப்பிவிடுவார். சமூகப் பொருத்தப்பாட்டை அளக்கும்போது நாம் அதைத்தான் செய்கிறோம். ஒரு ஆளுக்கும் அவரைச் சுற்றி இருக்கும் வீடு, தெரு, வேலை இவற்றுக்கும் நடுவே இருப்பதை அளந்துவிட்டு, வந்த எண்ணை அந்த ஆளின் தலையில் மட்டும் எழுதுகிறோம். அண்ணனின் அந்த 6-இல் பெரியம்மா எத்தனை, மாமா எத்தனை, காஸ் அடுப்பு எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இது ஏதோ எங்கள் குடும்பத்துச் சின்ன விஷயம் என்று நினைத்தால், ஆராய்ச்சியிலும் இதே சிக்கல் பெரிய அளவில் இருக்கிறது.

மெட்ராஸில் 1981-ல் ஒரு ஆய்வு ஆரம்பித்தது. முதல் தடவையாக மனச்சிதைவு வந்த 90 பேரைச் சேர்த்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். டாக்டர் ஆர். தாராவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆய்வு. 20 வருஷத்தையும் தாண்டிப் போனது. அதில் 10 வருஷ முடிவில் 76 பேரின் திருமண வாழ்க்கையை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 70 சதவீதம் பேர் திருமணம் ஆனவர்கள்.

மேற்கில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கு இது பிரமாதமான எண். அங்கே ஒருவருக்குத் திருமணம் ஆகியிருக்கிறது என்றால் அவரே ஆளைத் தேடி, பழகி, சம்மதம் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அதில் எவ்வளவு சமூகத் திறமை வேண்டும்! சிங்கிளாக இருக்கும் நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இங்கே? தரகர், பெரியப்பா, 'கல்யாணம் பண்ணினா சரியாயிடும்'. மாப்பிள்ளை செய்யவேண்டியது மணவறையில் உட்காருவது. இரண்டு படிவத்திலும் 'திருமணமானவர்' என்ற கட்டத்தில்தான் டிக். அளக்கப்பட்டது ஒன்றா?

அந்த 76 பேரிலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் கதை வேறு. ஆண்களில் திருமணம் ஆகாமலே இருந்தவர்கள் அதிகம். பெண்களில் திருமணம் உடைந்துபோனவர்கள் அதிகம். திருமணம் உடைந்த பெண்களைப் பற்றி மட்டும் 2003-ல் ஸ்கார்ஃபிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அந்தப் பெண்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும், மனநோய் என்கிற களங்கத்தைவிட வாழாவெட்டி என்கிற களங்கம் அதிகமாக வலித்தது என்று அதில் இருக்கிறது. அவர்களின் பொருத்தப்பாட்டு மார்க் மோசமாக வந்திருந்தால், அதில் நோய் எவ்வளவு, கைவிட்டுப்போன கணவன் எவ்வளவு, பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு?

இன்னும் மேலே போனால், உலக சுகாதார நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆய்வுகள். 1960-களின் கடைசியில் 9 நகரங்களில் ஆரம்பித்தது. லண்டன், மாஸ்கோ, இபாதான், நம்ம ஆக்ரா எல்லாம் அதில் உண்டு. பின்தொடர்ந்து பார்த்தபோது ஏழை நாடுகளில் மனச்சிதைவு உள்ளவர்கள் பணக்கார நாடுகளைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவு வந்தது. ரொம்ப வருஷம் இது பாடப்புத்தக உண்மையாகவே இருந்தது. கூட்டுக்குடும்பம், கோவில், கிராமம் என்று காரணம் சொல்ல நமக்கும் பெருமையாக இருந்தது. 2008-ல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், தாரா, ஒயே குரேஜே நாலு பேரும் சேர்ந்து, 11 நாடுகளிலிருந்து 23 ஆய்வுகளை எடுத்துவைத்து, இது அவ்வளவு உறுதியான விஷயமில்லை என்று எழுதினார்கள். வேலையும் திருமணமும் இடத்துக்கு இடம் ரொம்பவே மாறுகிறது, மருத்துவத்துக்கே வராத ஆட்கள் எத்தனையோ பேர். தாராவும் அதில் ஒருவர் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சென்னையிலிருந்து நல்ல எண்களைக் கொடுத்தவரே, அதை வைத்து ரொம்பப் பெருமைப்படாதீங்க என்கிறார்.

குடும்பம் தாங்குகிறது என்பது பொய் இல்லை. பெரியம்மா தாங்குவதை நானே பார்க்கிறேன். ஆனால் அவங்களுக்கு 63 வயது. சர்க்கரை இருக்கிறது.

சரி, இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போன கதை.

மேல்முறையீடு மாதிரி எழுதிக்கொடுத்து, சில மாசம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை டாக்டருக்கு முன்னால் ஒரு சமூகப் பணியாளர் உட்கார்ந்து பேசினார். சின்ன வயசுப் பெண், அநேகமாக என் வயசு. முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். குளிக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை. "அம்மா, நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டீங்கன்னு வைங்க. வீட்ல என்ன நடக்கும்?" என்றார்.

பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் 9 வருஷமா எங்கயும் போனதில்லம்மா" என்றார்கள்.

அதன்பிறகு எல்லாம் வந்தது. எழுப்புவது, வெந்நீர், கதவுக்கு வெளியே நிற்பது, மாமாவிடம் கொடுத்துவைக்கும் பணம், மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு துப்பின நாட்கள், கல்யாண வீட்டில் யாரோடும் பேசாமல் பின்வாசலில் உட்கார்ந்திருந்தது, பாதிப் பேச்சில் எழுந்து போவது. ஒவ்வொன்றாக. அழாமல் சொன்னார்கள், மளிகைக்கடை லிஸ்ட் மாதிரி. இந்தத் தடவை குளியல் 2, பழக்கம் 2, பேச்சு 1, வேலை 3. அந்த 3 வருஷ மார்க்கோடு சேர்த்து 11. சான்றிதழ் கிடைத்தது.

இது ஏமாற்றுவேலையா? நானும் யோசித்தேன். இல்லை. முதல் தடவை அளந்தது பெரியம்மாவும் அண்ணனும் சேர்ந்து ஓட்டும் ஒரு வாழ்க்கையை. இரண்டாவது தடவை பெரியம்மாவைக் கழித்துவிட்டு அளந்தார்கள். அரசாங்கம் கேட்கவேண்டிய கேள்வி இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பெரியம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் பின்னால். மெதுவாகக் கேட்டான்: "நான் அவ்வளவு மோசமாடா?"

எனக்குப் பதில் வரவில்லை. சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கவர் என் மடியில்தான் இருந்தது.

அந்த வாரமே நான் கூகுள் ஷீட்டைப் போட்டேன். குற்ற உணர்ச்சி வந்தால் இன்ஜினியர் டேஷ்போர்டு போடுவான் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிஷப் பேட்டி எல்லாம் வேண்டாம், தினமும் டேட்டா எடுப்போம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று கிராப் பார்ப்போம் என்று ஐடியா. வெளியே எத்தனை தடவை போனான், எத்தனை பேரோடு பேசினான், கடைக்கு எத்தனை மணிக்குப் போனான். பெரியம்மாவுக்கு வாட்ஸப்பில் லிங்க். செல்போனை வைத்தே இதெல்லாம் அளக்கும் ஆய்வுகள் உலகத்தில் நடக்கின்றன, இந்தியாவிலும் நடக்கின்றன. நான் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை.

11-வது நாள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். கோபப்படவில்லை. "நல்லாருக்கே. உனக்கும் ஒரு டேப் போடு" என்றான்.

விளையாட்டுக்குப் போட்டேன். வைஸ்மன் கணக்குப்படி கடந்த 2 வாரம். வொர்க் ஃப்ரம் ஹோம். வீட்டை விட்டு வெளியே போனது 3 தடவை. சொந்தக்காரர்களோடு பேச்சு: பெரியம்மாவைத் தவிர யாருமில்லை. நண்பர்களை நேரில் பார்த்தது: 0. சாப்பாடு: ஸ்விக்கி. குளியல்: பொதுவெளியில் சொல்வதற்கில்லை. அண்ணன் அந்த 2 வாரத்தில் தினமும் வெளியே போயிருந்தான். கோவில், கடை, லைப்ரரி, டீக்கடை. எங்கள் இருவரின் கிராப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சான்றிதழ் மாத்திக் கொடுத்துட்டாங்களோ" என்றான். அவனுடைய ஜோக்கெல்லாம் இப்படித்தான், முகத்தில் சிரிப்பே இருக்காது. படிவத்தில் அதை உணர்ச்சி மழுங்கல் என்று எழுதுவார்கள். பாதி உண்மையாகக்கூட இருக்கலாம்.

நான் 3 தடவை வெளியே போனதை யாரும் ஏன் எண்ணுவதில்லை என்றால் மாசக் கடைசியில் சம்பளம் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லவரவில்லை. அவன் படுகிற பாட்டை நான் பட்டதில்லை. குரல் இன்னும் சில ராத்திரி வரும். ஆனால் அந்த ஷீட்டில் இருந்த எந்தக் கட்டமும் எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டவில்லை.

ஷீட்டை அழிப்பதற்கு முன்னால் அவனிடம் கேட்டேன். நீயே கட்டம் போடறதா இருந்தா எதை எண்ணுவ? கொஞ்ச நேரம் யோசித்தான். "நம்ம டீக்கடை மணி அண்ணன் என்கிட்ட கடன் நோட்டு வெச்சிருக்காரு. முன்னாடி எனக்குக் கடன் கொடுக்கமாட்டாரு, அம்மாகிட்டதான் காசு கேப்பாரு. இப்ப என் பேர்லயே எழுதறாரு. இது எந்தக் கட்டத்துல வரும்?"

எந்தக் கட்டத்திலும் வராது. எவ்வளவு கடன் என்று கேட்டேன். 340 ரூபாய். [சிரிப்பு]

அண்ணனுக்குக் கொடுத்தது தற்காலிகச் சான்றிதழ், சில வருஷத்தில் திரும்பப் போகவேண்டும். அதற்கு இப்போதே ஒரு விஷயம் பேசிவைத்திருக்கிறோம். முதலில் அண்ணன் தனியாகப் பேசுவான், அவனால் என்ன முடியும், எது முடியவில்லை என்று அவன் வாயாலேயே. அப்புறம் பெரியம்மா தனியாக. அவங்க பேசும்போது நானும் அண்ணனும் வெளியே டீ சாப்பிடுவோம். உங்கள் வீட்டில் யாரையாவது இந்த மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். முன்னாடியே ஒரு வாரம் வீட்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் எதுவுமே ஞாபகம் வராது.

பெரியம்மா அடுத்த மாசம் 4 நாள் ராமேஸ்வரம் போகிறார்கள். 9 வருஷத்தில் முதல் தடவை. அந்த 4 நாளும் நான் அங்கே போய்த் தங்குகிறேன், லேப்டாப்போடு. சமையல் அண்ணன்தான். அடுப்புப் பக்கத்தில் நான் நிற்கவேண்டும் என்பது பெரியம்மாவின் கண்டிஷன். எனக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது என்பது அவங்களுக்கு இன்னும் தெரியாது.

யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். மெயில் போடுங்கள், இந்த முறை பதில் போடுகிறேன். ராமேஸ்வரம் வாரம் முடிந்தபிறகு.